ஜெனனி கேட்ட பாம்பு

ஜெனனி பாம்பு கேட்பாள் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்திருக்கவில்லை. அவள் எதையாவது கேட்பாள் என்றே யாரும் நினைத்திருக்கவில்லை.

யூன் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுநிலைப் பள்ளியின் கடைசிச் சோதனையில் ஜெனனி பத்துக்கு ஒன்பது எடுத்திருந்தாள். இத்தாலிக்கு வந்து மூன்றே வருடத்தில் இந்தப் புள்ளி. தகப்பன் சோதிலிங்கத்துக்குக் கால் தரையில் படவில்லை. போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்காரனிலிருந்து மரக்கறிக்காரி வரை எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே வாக்குக் கொடுத்தார்.

"கேள் பிள்ளை. என்ன வேணுமெண்டாலும் கேள். அப்பா வாங்கித் தருவன். சாமியாணை."

புதுக் கைபேசி கேட்பாள் என்று அவரும் மனைவி சிவமலரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஜெனனி முருங்கைக்காயைச் சப்பி முடித்துச் சக்கையைக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள்.

"உன் செர்பென்தே" என்றாள். ஒரு பாம்பு.

தமிழில் சொல்வதைவிட இத்தாலியனில் சொன்னால் பாம்பு கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்று எண்ணினாளோ என்னவோ. சோதிலிங்கம் சிரிக்கத் தொடங்கினார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

"என்ன பிள்ளை, பகிடியோ?"

"இல்லையப்பா. வளர்க்கத்தான். நஞ்சில்லாதது. சின்னது." பிறகு ஒரு மூச்சுக்கூட விடாமல் சொன்னாள்: "ஏலாட்டிப் பரவாயில்லை."

சிவமலருக்குப் பாம்பைவிட அந்தப் 'பரவாயில்லை'தான் சுருக்கென்று தைத்தது.

நாலு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. சோதிலிங்கம் முதலில் வந்தார். பிறகு சிவமலர் வந்தாள். வதிவிடப் பேப்பர் சரியானதும் பிள்ளையை எடுப்போம் என்றார்கள். ஒரு வருடம் என்று நினைத்தது ஏழு வருடமாக இழுபட்டது. அந்த ஏழு வருடமும் ஜெனனி கோண்டாவிலில் பெரியம்மா இந்திராதேவியின் வீட்டில் வளர்ந்தாள். பதினொரு வயதில், கழுத்தில் பெயர் அட்டை தொங்க, விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவால் வெளியே வந்தவள், சிவமலர் ஓடிப்போய் அணைக்குமுன் கைகூப்பி, "வணக்கம் அம்மா" என்றாள். யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அன்று கூப்பிய கையை அவள் இன்னும் பிரிக்கவில்லை என்று சிவமலருக்குத் தோன்றும். கதிரையில் இருக்கலாமா என்று கண்ணால் கேட்டுவிட்டு இருப்பாள். கறியில் உப்புக் கூடினாலும் சொல்ல மாட்டாள். ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய சப்பாத்து ஒரு அளவு சின்னதாகப் போய்விட்டது. ஒரு மாதம் அதையே போட்டு நடந்தாள். குதிக்காலில் கொப்புளம் உடைந்து காலுறையில் இரத்தம் ஒட்டியிருந்ததைத் துவைக்கும்போது கண்டு பதறிய சிவமலரிடம், "பரவாயில்லை அம்மா, பழகியிட்டுது" என்றாள்.

நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள். கோயிலில் பார்க்கிறவர்கள், "உங்கடை மகளைப்போல அடக்கமான பிள்ளை இந்த ஊரிலை இல்லை" என்பார்கள். சிவமலர் சிரித்துத் தலையாட்டுவாள். வேலை செய்கிற வீட்டில் சிஞ்ஞோராவின், அந்த வீட்டு அம்மாவின், மகள் ஜூலியா தாயைப் பார்த்துக் கத்துவாள். கதவை அடித்துச் சாத்துவாள். "என்னை விடு, என்னை விடு" என்று அலறிவிட்டு, பத்து நிமிடத்தில் அதே தாயின் மடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பாள். சிவமலர் படுக்கை விரிப்பை மடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கத்தலில் அவளுக்குப் பொறாமை. இதை யாரிடம் சொல்ல முடியும்? என் மகள் என்னோடு சண்டை பிடிக்கிறாள் இல்லை என்று எந்தத் தாயாவது அழுவாளா?

விருந்தாளிதான் மரியாதையாக இருப்பாள். மூன்று வருடமாக அந்த வீட்டில் ஒரு விருந்தாளி இருந்தாள்.

அடுத்த நாள் சிவமலர் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள். இந்திராதேவி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உவள் இஞ்சை ஒருநாளும் பாம்பு கேக்கேல்லையடி. ஐஸ்பழம்தான் கேப்பாள். குடுக்காட்டி நிலத்திலை உருண்டு கத்துவாள். அந்தக் கத்தலுக்கு அயல் முழுக்க வந்திடும். ஒருக்கா என்ரை கையிலை கடிச்சும் போட்டாள், தெரியுமே? தழும்பு இப்பவும் கிடக்கு."

சிவமலரும் சேர்ந்து சிரித்தாள். தொலைபேசியை வைத்த பிறகு தன் கையைப் பார்த்தாள். சிஞ்ஞோரா வீட்டு இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு ஒன்று இருந்தது. ப்ளீச் அரித்த அடையாளம் இருந்தது. மகள் கடித்த தழும்பு இல்லை.

ஆகவே பாம்பு வாங்கத்தான் வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தாள். முடிவெடுத்தது மனம், உடம்புதான் ஒத்துவரவில்லை. நினைத்தாலே முதுகுத் தண்டு கூசியது. ஆனால் வெறும் பயமாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பாள். அவளுக்குப் பாம்பில் பக்தியும் இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, நாகதம்பிரானுக்கு நேர்ந்து, பாலும் முட்டையும் வைத்துக் கும்பிட்ட பிறகு பிறந்தவள் ஜெனனி. குசினி மூலையில் இருக்கும் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நாகதம்பிரான் படம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையில் அந்த வீட்டில் மச்சம், மீனோ இறைச்சியோ, காய்ச்சுவதில்லை. முதல் நாள் மீன் சட்டியைக்கூடப் பல்கனிக்கு அனுப்பிவிடுவாள்.

அந்த வீட்டுக்குப் பாம்பு வரப்போகிறது. அதற்கு எலி கொடுக்க வேண்டுமாம். உறைய வைத்த குட்டி எலிகளைப் பையில் போட்டு விற்பார்களாம், குளிர்பெட்டியின் உறைதட்டில் வைக்க வேண்டுமாம். ஜெனனி கைபேசியில் பார்த்து அதைச் சொன்னாள். சிவமலருக்கு எலியைவிட ஒரு நினைப்புத்தான் பெரிதாக இருந்தது: தான் பால் வைத்துக் கும்பிட்ட உருவத்துக்குத் தன் கையாலேயே செத்த எலியை வைப்பதா?

காலையில் முகம் சவரம் செய்துகொண்டிருந்த கணவரிடம் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ, வாங்குவம். ஆனா மாமிசம் தின்னாத ஒண்டாப் பாத்து வாங்குவம்."

சோதிலிங்கம் சோப்பு நுரையோடு திரும்பினார். "பாம்புக்குப் புட்டவிச்சுக் குடுக்கப் போறீரோ?"

"பகிடி விடாதேங்கோ. இவ்வளவு பெரிய உலகத்திலை ஒரு சைவப் பாம்பு இல்லாமலே போகும்?"

"இருந்தா அது யாழ்ப்பாணத்துப் பாம்பாத்தான் இருக்கும். அதுவும் வெள்ளிக்கிழமையிலை மட்டும்."

அவர் சிரித்தார். ஆனாலும் அன்று மாலையே, பாத்திரம் கழுவுகிற உணவகத்தில் மீன் விட்டு வைத்திருந்த பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றை முதலாளியிடம் கேட்டுத் தோளில் சுமந்து வந்தார். தொட்டிக்கு மூடி செய்தார். நாலு பக்கமும் கொளுவி பூட்டினார். ஜெனனி அடியில் ஒரு வெப்பத் தகட்டை ஒட்டி, உள்ளே வெப்பமானியை வைத்து, ஒரு கிழமை முழுக்க வெறும் தொட்டியின் சூட்டைக் காலையும் மாலையும் ஒரு கொப்பியில் எழுதினாள். பாம்பு வந்த பிறகு தொட்டி சரிசெய்யக் கூடாதாம், தொட்டி சரியான பிறகுதான் பாம்பு வரவேண்டுமாம். சிவமலர் அந்தக் கொப்பியை ஒருமுறை ஒளித்து எடுத்துப் பார்த்தாள். வரிசை வரிசையாக இலக்கங்கள். அவளுக்கு விமான நிலையம் ஞாபகம் வந்தது. மகள் வருவதற்குமுன் தானும் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி, தலையணையில் பூப்போட்டு, எல்லாம் செய்துதானே வைத்தாள். சூட்டை மட்டும் அளக்கவில்லைபோல.

சனிக்கிழமை தாயும் மகளும் பக்கத்து ஊரான பகேரியாவுக்கு ரயில் ஏறினார்கள். அங்கே நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், கார் திருத்துகிற இடத்துக்கும் பாண் சுடும் கடைக்கும் நடுவில், கார்மேலோ என்பவரின் ஊர்வன விற்கிற கடை இருந்தது. ஜெனனி முன்பே தொலைபேசியில் கதைத்து வைத்திருந்தாள். உள்ளே மரத்தூள் வாசம். மழைக்கு முந்திய நேரம்போல ஒரு புழுக்கம். சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். சிவமலர் எந்தப் பெட்டியையும் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நடந்தாள். தரையிலும் ஒன்று கிடக்குமோ என்ற எண்ணம் வந்ததும் கூரையைப் பார்த்தாள்.

கார்மேலோவுக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "இதில் யார் புதிதாகத் தொடங்குகிறவர்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் ஜெனனி.

அவர் தலையாட்டி மறுத்தார். "நீ தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் நீ புதியவள் இல்லை. உன் அம்மாதான் புதியவர். ஒரு வீட்டில் யார் அதிகம் பயப்படுகிறாரோ, முதல் பாம்பை அவருக்கு ஏற்றதாகத்தான் எடுக்க வேண்டும்."

பத்து வருடத்தில் சிவமலருக்கு வேலைக்கார இத்தாலியன் நன்றாகவே வந்திருந்தது. வாளி, துடைப்பம், கறை, கஞ்சி போடுவது, எல்லாம் தெரியும். இந்த மனிதர் சொன்னதும் விளங்கியது. அந்நியர் ஒருவர் தன் பயத்துக்கு ஒரு கதிரை போட்டு உட்கார வைத்ததுபோல் இருந்தது.

முதலில் ஒரு தடித்த, கருப்பும் மண்ணிறமுமான பாம்பைக் காட்டினார். பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்திருந்தது. பித்தோனே ரெயாலே, அரச மலைப்பாம்பு என்று ஜெனனி சொன்னாள். சாது. ஆனால் வெட்கம் கூட. மனம் சரியில்லாவிட்டால் மாதக்கணக்கில் சாப்பிடாது. இதை விற்கும்போது எங்கே பிறந்தது என்பதற்கான பத்திரமும் கூடவே தரவேண்டும், சட்டம்.

"என்ன பத்திரம்?" என்றாள் சிவமலர் தமிழில்.

"டொக்குமெந்தி அம்மா. இது ஆர், எங்கை பிறந்தது எண்டு."

"உதுக்கும் எங்களைப்போல வதிவிடப் பெர்மெஸ்ஸோவோ? வருசா வருசம் குவெஸ்தூராப் பொலிசிலை லைனிலை நிக்கோணுமோ?"

ஜெனனி கேட்டாள். கார்மேலோ விரலால் இல்லை என்று ஆட்டினார்.

"ஒருக்காக் குடுத்தாச் சரியாம். புதுப்பிக்கத் தேவையில்லை."

"அப்ப எங்களிலும் பாக்கக் குடுத்து வைச்ச சீவன்" என்றாள் சிவமலர். ஜெனனி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அடுத்து ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, விரலளவு தடிப்பில், செம்மஞ்சள் திட்டுகளோடு ஒன்றை எடுத்து ஜெனனியின் கையில் விட்டார். அவள் கையைத் தட்டையாக, ஆடாமல் பிடித்தாள். அது அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி, விரல்களுக்கிடையால் புகுந்து, நின்று, நாக்கை நீட்டிப் பார்த்தது. அந்த ஆண்டு பிறந்த குட்டி. செர்பென்தே தெல் கிரானோ, தானியப் பாம்பு. கடிக்காது என்று சொல்ல முடியாது, கடித்தாலும் நோகாது. நன்றாகச் சாப்பிடும், இருபது வருடம் இருக்கும். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை என்றார்.

சிவமலர் பாம்பைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள். ஜெனனியின் தோள் இறங்கியிருந்தது. மூன்று வருடமாக அந்தத் தோள் காதுப் பக்கமாகத் தூக்கியபடிதான் இருந்தது என்பது, இப்போது இறங்கியதைக் கண்ட பிறகே சிவமலருக்குத் தெரிந்தது.

"உனக்கு ஏன் பிள்ளை இது இவ்வளவு விருப்பம்?" என்று மெல்லக் கேட்டாள்.

ஜெனனி கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பள்ளிக்கூடத்திலை ஒருநாள் கொண்டுவந்தவை. எல்லாரும் கத்தினவை. என்ரை கையிலை வந்து சும்மா இருந்தது. இதோடை இத்தாலியனும் கதைக்கத் தேவையில்லை, தமிழும் கதைக்கத் தேவையில்லை. நல்ல பிள்ளையா இருக்கோணும் எண்டும் இல்லை."

அந்தக் கடைசி வசனத்தைச் சிவமலர் கேட்டாள். கேட்டும், தன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த வேறொன்றை விட முடியவில்லை.

"தானியப் பாம்பு எண்டா, தானியம் தின்னுமோ?"

"இல்லையம்மா. தானியம் தின்ன வாற எலியைத் தின்னும்."

"அவரிட்டைக் கேள், சைவமா ஒண்டும் இல்லையோ எண்டு."

"அம்மா..."

"கேள் எண்டுறன்."

ஜெனனி காது சிவக்க ஏதோ முணுமுணுத்தாள். கார்மேலோ, எலி பார்க்க அருவருப்பாக இருந்தால் ஒரு தாளில் சுற்றி எடுக்கலாம் என்று பதில் சொன்னார்.

"நீ நான் சொன்னதைக் கேக்கேல்லை. வெஜெத்தாரியானோ எண்ட சொல்லே வரேல்லை" என்ற சிவமலர் நேராக அவரிடமே திரும்பினாள். இறைச்சி தின்னாத பாம்பு இருக்கிறதா என்று தன் வேலைக்கார இத்தாலியனில் கேட்டாள். எங்கள் வீட்டில் பாம்பு கடவுள், வெள்ளிக்கிழமையில் வீட்டுக்குள் மாமிசம் ஆகாது என்றாள். கடவுளுக்கு வைப்பது பாலும் முட்டையும் என்றாள்.

கார்மேலோ சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாலை எந்தப் பாம்பும் செமிக்காது, அதை மறந்துவிடுங்கள் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "முட்டை மட்டும் தின்கிற ஒரு இனம் உண்டு" என்றார்.

சிவமலருக்கு உடம்பு புல்லரித்தது.

அவர் பின்னறையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில், முதுகில் கட்டம் கட்டமாகக் கோலம் போட்டதுபோல ஒன்று. வெளிநாடு போன ஒருவர் விட்டுப் போனது. பல்லே இல்லை, காடை முட்டையை முழுசாக விழுங்கி உள்ளே உடைத்துக் கோதைத் துப்பிவிடும். "ஆனால் சிஞ்ஞோரா, இது தொடங்குகிறவர்களுக்கு இல்லை. பிடிக்காவிட்டால் மூன்று மாதம், நாலு மாதம் ஒன்றும் தொடாது. நோயா பிடிவாதமா என்று எனக்கே சில நேரம் தெரியாது. கையில் எடுப்பதும் இதற்குப் பிடிக்காது."

அவர் 'ஆனால்' என்று சொன்னதற்குப் பிறகு வந்த எதுவும் சிவமலரின் காதில் ஏறவில்லை. முட்டை! நாகதம்பிரான் தானே வழி காட்டியிருக்கிறார். குளிர்பெட்டியில் முட்டைக்கு இடம் இருக்கிறது. சாமித்தட்டுக்குத் தூரம் வேண்டியதில்லை.

"இதை எடுப்பம் பிள்ளை. என்ன சொல்லுறாய்?"

ஜெனனி அந்தச் சாம்பல் பாம்பைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டில் சுற்றியிருந்ததை, வால் நுனி முதல் மெல்ல மெல்லக் கழற்றி, அதன் பெட்டிக்குள் இறக்கினாள். அது முழுவதும் இறங்கிய பிறகும் அவளுடைய இரண்டு விரல்கள் பெட்டி விளிம்பிலேயே இருந்தன.

"ஓம் அம்மா. பரவாயில்லை. உதையே எடுப்பம்."

சிவமலர் பணப்பையைத் திறக்கப் போனாள். கை பாதியில் நின்றது.

அவள் விரும்பியது கிடைத்துவிட்டது. பிள்ளைக்குப் பாம்பு, வீட்டுக்குச் சுத்தம், சாமிக்கு மரியாதை. யாரும் அழவில்லை, யாரும் கத்தவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினால், வீட்டில் விருந்தாளி இரண்டாகிவிடும். ஒன்று மாதக்கணக்கில் சாப்பிடாமல் ஒளிந்திருக்கும். மற்றது அதைப் பார்த்துக்கொண்டு, பழகிவிட்டது என்று சொல்லும்.

"என்ன பரவாயில்லை?" என்றாள் சிவமலர்.

"இல்லை, நீங்கள் சொன்னாச் சரிதானே."

"நான் அதைக் கேக்கேல்லை. உனக்கு எது விருப்பம்?"

"எனக்கு எதெண்டாலும்..."

"எதெண்டாலும் எண்டு ஒரு பாம்பும் இல்லை! வாயைத் திறந்து சொல்லன்!"

தன் குரல் உயர்ந்தது அவளுக்கே கேட்டது. கார்மேலோ ஒரு துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஏன் விருப்பமெண்டு முதலே சொன்னனான்தானே!" ஜெனனியின் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து பெரிதாக வெளியே வந்தது. "ஒரு கிழமையாத் தொட்டி செய்து, சூடு பாத்து, எல்லாம் அதுக்குத்தான் செய்தனான். நீங்கள் எலி தின்னாத பாம்பு கேக்கிறியள். ஆராவது கேப்பினமோ? கெ வெர்கோஞ்ஞா, வெக்கக்கேடு! நீங்கள் போகேக்கை என்னட்டைக் கேட்டனீங்களோ? வா எண்டேக்கை கேட்டனீங்களோ? எல்லாத்துக்கும் ஓம் எண்டுதானே வந்தனான். இது ஒண்டுதான் கேட்டனான். இது ஒண்டுதான்! அதுவும் உங்கடை வெள்ளிக்கிழமைக்குச் சரியா இருக்கோணுமோ? எனக்கு அந்தப் பாம்புதான் வேணும். பஸ்தா, அவ்வளவுதான்!"

சிவமலருக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. 'போகேக்கை என்னட்டைக் கேட்டனீங்களோ.' நாலு வயதுப் பிள்ளை அன்று பேருந்தடியில் நித்திரையாகக் கிடந்தது, இந்திராதேவியின் தோளில். எழுப்ப வேண்டாம் என்று சொன்னவள் தானேதான். எழுப்பினால் அழும் என்றுதான் எழுப்பவில்லை. அந்த அழுகை பத்து வருடம் சுற்றி, பகேரியாவில் ஒரு பாம்புக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நெஞ்சு வலித்தது. வலித்த அதே இடத்தில் ஏதோ இளகியும் கொடுத்தது. அதைக் காட்டத் தெரியாமல் அவளும் கத்தினாள்.

"அப்ப அதை முதலே சொல்லுறதுக்கென்ன? மனுசருக்கு எப்பிடி விளங்கும்? மூண்டு வருசமா வாயிலை என்ன கொழுக்கட்டையோ?"

"நீங்கள் கேட்டாத்தானே!"

"இப்ப கேக்கிறன்தானே!"

"இப்பதான் கேக்கிறியள்!"

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். ஜெனனிக்கு மூக்கு வடிந்தது. சிவமலர் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்ட, அவள் அதைப் பறித்துத் துடைத்தாள். கார்மேலோ துணியைக் கீழே வைத்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. "ஒரே குரல்" என்றார் மெதுவாக. "கண்ணை மூடிக்கொண்டால் எது தாய், எது மகள் என்று தெரியாது."

சிவமலர் சேலைத் தலைப்பைத் தேடினாள், காற்சட்டைதான் போட்டிருந்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் திரும்பினாள்.

"அந்தத் தானியப் பாம்பு, எத்தனை நாளைக்கு ஒருக்காச் சாப்பிடும்?"

"குட்டிக்குக் கிழமைக்கு ஒருமுறை போதும். எந்த நாள் என்பது உங்கள் விருப்பம். வீட்டுக்குப் போன முதல் கிழமை ஒன்றும் கொடுக்க வேண்டாம். தொடவும் வேண்டாம். ஒளிய ஓர் இடம் இருக்கட்டும், அது தானாக வரட்டும்."

"கிழமையிலை ஒருநாள்தானோ?" சிவமலர் ஜெனனியைப் பார்த்தாள். "அப்ப மற்ற ஆறு நாளும் விரதம். அப்பாவை விடப் பக்தி. புதன்கிழமை குடு. பையை நான் தொடமாட்டன். உறைதட்டிலை கீழ் இலாச்சியைத் தாறன். அதிலை இருந்து மேலை ஒண்டும் வரக்கூடாது."

ஜெனனிக்கு இன்னும் கோபம் முழுதாக அடங்கவில்லை. ஆனால் கொப்பியைத் திறந்துவிட்டாள். கார்மேலோ நாலு குட்டிகளைப் பெட்டி பெட்டியாக வரிசையில் வைத்தார். அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள்: இது எத்தனைமுறை சாப்பிட்டது? எப்போது கடைசியாகத் தோல் கழற்றியது? உறைந்ததை இளக்கிக் கொடுத்தால் எடுக்கிறதா, உயிரோடு வேண்டுமா? ஒவ்வொன்றின் வயிற்றுப் பக்கத்தையும் பார்த்தாள். மூக்கையும் பார்த்தாள். கார்மேலோ பொறுமையாக, ஒரு வாடிக்கைக்காரனுக்குச் சொல்வதுபோலப் பதில் சொன்னார். சிவமலர் இந்தப் பெண்ணை அதுவரை கண்டதில்லை. வேகமாகக் கதைக்கிற, இடைமறிக்கிற, "அது போதாது" என்று சொல்கிற ஒருத்தி. இவள் மூன்று வருடமாக எந்த அறையில் இருந்தாள்?

நாலில் ஒன்று குங்குமப்பொட்டுப்போலச் சிவந்து மின்னியது. சிவமலருக்கே அது அழகாகத் தெரிந்தது. துணிவை வரவழைத்துக்கொண்டு விரலை நீட்டிக் காட்டினாள்.

"உது வடிவாயிருக்கு, பிள்ளை. உதை எடன்."

"அது ரெண்டுதரம் சாப்பாட்டை விட்டிருக்கு. உங்களுக்கு ஒண்டும் தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா இருங்கோ."

சிவமலர் சும்மா இருந்தாள். உலகத்தில் இதைவிடப் பெரிய வேலை தனக்கு இல்லை என்பதுபோல, கைகளைக் கோத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஜெனனி கடைசியில் எடுத்தது நாலிலும் மங்கலான ஒன்று. மண்ணிறத்தில், பெரிய சிறப்பு எதுவும் இல்லாதது. கொடுத்த எட்டு முறையும் சாப்பிட்டது. கையில் எடுத்தபோது உதறாதது.

காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஈரத்தாளும் பாம்பும் போட்டு, அதைத் துணிப்பைக்குள் வைத்துக் கார்மேலோ கொடுத்தார். வெயிலில் வைக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. உறைந்த எலிப் பையை வேறொரு பையில் தந்தார். அதை ஜெனனி தன் முதுகுப்பையில் போட்டாள்.

திரும்பும் ரயிலில் கூட்டம். கடலில் குளித்துவிட்டு வருகிற பெடியன்கள், ஈரத் துவாய்கள், மணல். எப்படியோ இரண்டு இருக்கைகள் கிடைத்தன. ஜெனனி துணிப்பையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்தபடி இருந்தாள். சிவமலர் கண்ணாடியில் மகளின் வீங்கிய மூக்கைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. இன்றைக்கு இல்லை, இனிக் கேட்கலாம்.

ரயில் ஒரு நிலையத்தில் நின்று புறப்பட்டது. ஜெனனி திடீரென்று பக்கத்தில் திரும்பினாள்.

"பிடியுங்கோ. எனக்குத் தலைமயிர் கட்டோணும்."

பிடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. பையைத் தூக்கித் தாயின் மடியில் வைத்துவிட்டு, தலையை முன்னால் கவிழ்த்து, தலைமயிரைக் கூட்டி அள்ளத் தொடங்கிவிட்டாள்.

சிவமலரின் தொடையில் டப்பாவின் அடி பட்டது. எடையே இல்லை. அந்த எடையின்மைக்குள் ஏதோ ஒன்று மெல்ல இடம் மாறியது. அவளுடைய முதுகு நிமிர்ந்து விறைத்தது. நாகதம்பிரானே என்று தொடங்கி, கூப்பிடுகிற ஆளே மடியில் இருக்கிறார் என்று நினைத்துப் பாதியில் விட்டாள்.

"சரிக்காதேங்கோ அம்மா! நேராப் பிடியுங்கோ!" தலைமயிருக்குள்ளிருந்து ஜெனனியின் குரல் வந்தது, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி. "ரெண்டு கையாலையும்! அது பயந்திடும்!"

எதிரில் இருந்த பெடியன்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவமலர் இரண்டு கைகளையும் டப்பாவின் இரு பக்கமும் வைத்து நேராகப் பிடித்தாள். கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. சோதிலிங்கமாகத்தான் இருக்கும்.

"ஃபோன் அடிக்குதம்மா. எடுங்கோவன்."

"அடிக்கட்டும் விடு" என்றாள் சிவமலர், அசையாமல். "எனக்கிப்ப கை ஏலாது."